பிரையன் மே டோன் வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

குயீன் இசைக்குழுவின் கிட்டார் வாசிப்பாளர் பிரையன் மேயின் கிட்டார் ஒலியைத் தேடிப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு டிஸ்டார்ஷன் பெடல் வாங்குகிறார்கள். தடம் மாறுவது அங்கேதான். அவருடைய அடிப்படைச் சங்கிலியில் டிஸ்டார்ஷன் பெடலே கிடையாது. கிட்டார், மேலோசையைத் தூக்கும் ட்ரெபிள் பூஸ்டர், வால்யூமை முழுக்கத் திறந்த வாக்ஸ் ஏசி30 ஆம்ப், அவ்வளவுதான். கரகரப்பு முழுவதும் ஆம்பின் வால்வுகளில் பிறக்கிறது. பூஸ்டர் சிக்னலைப் பெரிதாக்குவதோடு, ஆம்ப் கரகரக்கத் தொடங்கும் முன்பே பேஸைக் (கீழோசையை) கழித்தும் விடுகிறது. பிறகு சுத்தமான ஒலியா, கதறும் லீடா என்பதைக் கிட்டாரின் வால்யூம் குமிழ் முடிவு செய்கிறது.

கீழே உள்ள கோளாறுகளில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்றைக் கெடுத்ததால் வருபவை: பேஸைக் கழிக்கும் இடம், கரகரப்பு பிறக்கும் இடம், வால்யூம் குமிழுக்கும் பூஸ்டருக்கும் உள்ள நேரடித் தொடர்பு.

முதலில் அடிநிலைக்கு வாருங்கள்

எந்த அறிகுறியைத் துரத்தும் முன்பும் மற்ற பெடல்களை எல்லாம் கழற்றிவிட்டு இப்படி அமையுங்கள்.

1. கிட்டாரில் பிரிட்ஜ், நடு பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் சுருள்) இரண்டும் ஒரே ஃபேஸில், அதாவது ஒன்றையொன்று அழிக்காமல் கூடும்படி. மே அதிகம் பயன்படுத்தும் சேர்க்கை இதுதான். வால்யூம், டோன் இரண்டும் முழுக்க.
2. கிட்டாரிலிருந்து 3 மீட்டருக்கு மிகாத கேபிள் நேராக ட்ரெபிள் பூஸ்டருக்கு. நடுவில் ட்யூனர்கூட வேண்டாம்.
3. ஏசி30-இன் நார்மல் சேனல். டாப் பூஸ்ட் சேனல் அல்ல. வால்யூம் முழுக்க.
4. கட் குமிழ் இடக்கோடியில். ஏசி30-இல் கட் குமிழை வலப்பக்கம் திருப்பினால் ட்ரெபிள் குறையும். சாதாரண டோன் குமிழ் என்று நினைத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒலி மந்தமாக இருக்கிறதே என்று புலம்புகிறவர்கள் நிறைய.

முழு வால்யூமில் ஏசி30 காதைப் பதம் பார்க்கும். காது அடைப்பான் இல்லாமல் அதன் முன் நிற்காதீர்கள். வீட்டில் என்றால் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் சத்தத்தைத் தணிக்கும் அட்டெனுவேட்டர் வைக்கலாம்; அதன் ஓம் அளவு ஆம்பின் வெளியீட்டு அளவோடு பொருந்த வேண்டும். 6 முதல் 12 டெசிபல் வரை குறைத்தால் ஒலியின் தன்மை ஓரளவு நிற்கும். அதற்கு மேல் குறைத்தால் பொத்திக்கொண்டதுபோல் ஆகும். அது உங்கள் அமைப்பின் கோளாறு அல்ல. ஸ்பீக்கர் போதிய அளவு அசையவில்லை, தாழ்ந்த சத்தத்தில் நம் காதுக்கும் மேலோசையும் கீழோசையும் எடுபடுவதில்லை.

ஸ்பீக்கரோ லோடோ இணைக்காமல் வால்வ் ஆம்பை ஒருபோதும் ஓட்டக் கூடாது. வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஒல்லியாக, தகரம் தட்டுவதுபோல் இருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். காரணங்கள் நான்கு, வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, ஆம்ப் இன்னும் சுத்தமாக ஒலிக்கிறது. சுத்தமான ஆம்புக்குள் ட்ரெபிள் பூஸ்டரைச் செருகினால் ட்ரெபிள்தான் வரும், ஊசிபோல் குத்தும். பூஸ்டரை அணைத்துவிட்டு ஆம்பை மட்டும் கேளுங்கள். கனமாக ஒரு கார்டு அடித்தால் ஓரத்தில் கரகரக்க வேண்டும், பேஸ் சற்றுக் கொழகொழவென்று அளவுக்கு மீறியே இருக்க வேண்டும். அந்த அதிகப்படியைத்தான் பூஸ்டர் சீவி எடுக்கிறது. பூஸ்டர் இல்லாமலே அழகாகத் தெளிவாக ஒலிக்கும் ஆம்ப், பூஸ்டர் போட்டதும் ஒல்லியாகத்தான் ஆகும்.

இரண்டாவது, டாப் பூஸ்ட் சேனல். அதற்குள்ளேயே ட்ரெபிளைத் தூக்கும் சர்க்யூட் இருக்கிறது. அதன் மேல் இன்னொரு ட்ரெபிள் பூஸ்டர் என்றால் கரும்புச் சாற்றில் சர்க்கரை கலப்பதுபோல. ஆம்ப்களின் ஒலியைப் போலச் செய்யும் டிஜிட்டல் மாடலர்களில் ஏசி30 என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் டாப் பூஸ்ட் வகைதான். நார்மல் வகையைத் தேடி எடுங்கள்.

மூன்றாவது, பிக்கப்கள் பேரலலில் (பக்க இணைப்பில்) இருக்கின்றன. ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைக் கிட்டார்களில் இரண்டு பிக்கப்களைச் சேர்த்தால் அவை பேரலலாகத்தான் சேரும். மணிபோல் தெளிந்த, மெலிந்த ஒலி. மே தன் தந்தையோடு கட்டிய ரெட் ஸ்பெஷல் கிட்டாரில் மூன்று பர்ன்ஸ் ட்ரை-சானிக் பிக்கப்களும் சீரிஸில் (தொடர் இணைப்பில்) இருக்கின்றன. சீரிஸில் சேரும்போது மின்னழுத்தம் கூடுகிறது, இண்டக்டன்ஸும் கூடுவதால் உச்ச ட்ரெபிள் சற்றுத் தணிந்து நடுப்பகுதி தடிக்கிறது. அந்தத் தடிப்பு இல்லாமல் பூஸ்டரைப் போட்டால் மெலிவு இரட்டிப்பாகும்.

உங்கள் கிட்டார் எந்த வகை என்று திறக்காமலே தெரிந்துகொள்ளலாம். கேபிளைக் கிட்டாரில் செருகி, வால்யூமை முழுக்க வைத்து, மறுமுனையில் மல்டிமீட்டரால் ஓம் அளவை எடுங்கள். பிக்கப் ஒவ்வொன்றும் 7 கிலோ ஓம், வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் உள்ள மாறு ரெசிஸ்டர்) 250 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால் தனிப் பிக்கப் 6.8 காட்டும். இரண்டும் சீரிஸில் 13.3, பேரலலில் 3.5-க்குச் சற்றுக் குறைவு. மூன்றும் சீரிஸில் 19.4. தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவதைப் பற்றிக் கவலை வேண்டாம். கூடுகிறதா குறைகிறதா என்பதே செய்தி.

நான்காவது, ஃபேஸ் மாறியிருக்கிறது. இரண்டு பிக்கப்பைச் சேர்த்ததும் மூக்கால் பேசுவதுபோல் ஆகி, சத்தமும் தனிப் பிக்கப்பைவிடக் குறைந்தால் ஒன்று தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கிறது. அதன் இரண்டு வயர்களை இடம் மாற்றினால் போதும்.

குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல், கொழகொழவென்று இருக்கிறது

பேஸ் கழிக்கப்படாமலே ஆம்புக்குள் போய்விட்டது என்று பொருள். ட்ரெபிள் பூஸ்டருக்குப் பதில் எல்லா அதிர்வெண்ணையும் சமமாகத் தூக்கும் க்ளீன் பூஸ்டரைப் பயன்படுத்தினால் இப்படித்தான் ஆகும். ஆம்புக்குப் பின்னால், ரெக்கார்டிங்கில் ஈக்யூ வைத்துப் பேஸைக் குறைத்தாலும் தீராது. தடித்த கம்பிகளின் அதிர்வு மற்ற கம்பிகளின் ஒலியை ஏற்கெனவே கலக்கிச் சேறாக்கியிருக்கும்; கலங்கிய பிறகு வடிகட்டினால் நிறம் மாறுமே ஒழியத் தெளியாது.

1960-களின் டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர்தான் இந்த வகைப் பூஸ்டர்களின் மூதாதை. ஒரே ஒரு ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர். ரேஞ்ச்மாஸ்டரையும் ஏசி30-ஐயும் சேர்த்து வாசிக்கும் முறையை மே ஐரிஷ் கிட்டார் கலைஞர் ரோரி காலஹரிடமிருந்து எடுத்துக்கொண்டார். அந்தச் சர்க்யூட்டில் உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் 5 நானோஃபாரட். அந்தச் சிறிய மதிப்புதான் பேஸை அடைக்கிறது. நீங்களே கட்டிய பூஸ்டர் கொழகொழத்தால் முதலில் இதைப் பாருங்கள். 10 நானோஃபாரட் போட்டால் பேஸ் வெட்டும் எல்லை பாதியாக இறங்கும். ஒல்லியான ஒலி உள்ள கிட்டாருக்கு அது நல்லது, ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள கிட்டாருக்கு ஆகாது. 47 அல்லது 100 நானோஃபாரட் என்றால் அது ட்ரெபிள் பூஸ்டரே அல்ல. ஒரு சிறு ஸ்விட்ச் வைத்து 5, 10 இரண்டையும் மாற்றிக்கொள்ளும்படி கட்டுவது புத்திசாலித்தனம்.

நெக் பிக்கப்பை மட்டும் வைத்து முழு வால்யூமில் கார்டு வாசித்தாலும் குழையும். அதில் கோளாறு எதுவும் இல்லை. நெக் பிக்கப் தனி இசைக்குறிப்புகளுக்கு. கார்டுக்குப் பிரிட்ஜும் நடுவும்.

நுரைத்துக்கொண்டு, மணல் கொட்டுவதுபோல் முடிகிறது

ஒவ்வொரு ஸ்வரமும் அடங்கும்போது வழவழப்பாகத் தேயாமல் பொரபொரவென்று உதிர்கிறதா? மாடலரில் என்றால் முதல் சந்தேகம் கேபினெட் பகுதி. செலஸ்டியன் ஆல்னிகோ ப்ளூ 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ள திறந்த முதுகுக் கேபினெட்டின் பதிவைத் தேர்ந்தெடுத்து, மைக்கை ஸ்பீக்கரின் நடுக்கூம்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை ஓரத்துக்கு நகர்த்துங்கள். நடுவில் வைத்த மைக் நுரையை அப்படியே வாரிக் கொடுக்கும்.

உண்மையான ஆம்பில் என்றால் பூஸ்டரின் ட்ரான்சிஸ்டர் பயஸ், அதாவது சிக்னல் இல்லாதபோது அது நிற்கும் மின்னழுத்த நிலை. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ரேஞ்ச்மாஸ்டர் வகைச் சர்க்யூட்டில் கலெக்டரின் அழுத்தம் ஏறத்தாழ 7 வோல்ட் இருக்க வேண்டும் (பி.என்.பி. வகையில் மைனஸ் 7). 4 அல்லது 5-க்கு இறங்கினாலும், 8.5-ஐத் தாண்டினாலும் ஒலியின் வால்பகுதி கிழியும். பயஸ் ரெசிஸ்டர்களில் ஒன்றுக்குப் பதில் ட்ரிம்பாட் வைத்துக் காதால் கேட்டுத் திருப்பி, பின்பு மீட்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியின்போது நன்றாக இருந்து, மேடை விளக்குச் சூட்டில் அரை மணியில் பொரியத் தொடங்கினால் அதுவும் இதே கதைதான். ஜெர்மேனியத்தின் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கும் இரட்டிப்பாகும், பயஸ் நழுவும். கசிவு குறைந்த ட்ரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுப்பது நிரந்தரத் தீர்வு. அல்லது சிலிக்கான் ட்ரான்சிஸ்டர் வைத்துக் கட்டிய ட்ரெபிள் பூஸ்டர். ஜெர்மேனியம் இல்லாவிட்டால் மே டோனே இல்லை என்பது வெறும் நம்பிக்கை. பேஸ் வெட்டும் எல்லையும் கெய்னும் (சிக்னலைப் பெருக்கும் அளவும்) சரியாக இருந்தால், முழுக்கத் திறந்த ஏசி30-க்குப் பின்னால் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக் கூர்மையான காது வேண்டும்.

இன்னொன்று உண்டு. முழு வால்யூமில் ஓடும் ஏசி30-இல் நான்கு இ.எல்.84 வால்வுகளும் சீக்கிரம் தேயும். ஒலி மெல்ல மெல்ல மந்தமாகி, பேஸ் தளர்ந்து, நுரை கூடினால் வால்வுகளின் ஆயுள் முடிகிறது. நான்கையும் ஒரே அளவில் பொருந்திய தொகுப்பாக மாற்றுங்கள். வால்வின் உள்தகடு சிவந்து ஒளிர்ந்தால் உடனே அணையுங்கள். அணைத்த பிறகும் ஆம்பின் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அழுத்தம் தேங்கி நிற்கும். பின்தட்டைத் திறந்து வால்வ் மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, உள்வேலையைத் தெரிந்த டெக்னீஷியனிடம் விடுங்கள்.

கிட்டார் வால்யூமைக் குறைத்தாலும் சுத்தமாகவில்லை

இதைச் சரிசெய்யாமல் மேயின் வாசிப்பைத் தொடவே முடியாது. அவர் சேனல் மாற்றுவதில்லை. பூஸ்டரும் ஆம்பும் எப்போதும் முழு வீச்சில். சுண்டுவிரலால் வால்யூம் குமிழை உருட்டியே பாடலின் எல்லாப் பகுதிகளையும் கடக்கிறார். 10-இல் லீடு, 6 அல்லது 7-இல் கார்டுக்கு ஏற்ற கரகரப்பு, 3 அல்லது 4-இல் மணி ஓசை. உங்கள் கிட்டாரில் எண்கள் சற்று மாறலாம். ஆனால் மூன்று இடங்களும் இருந்தே தீர வேண்டும்.

வால்யூமைக் குறைத்தால் சத்தம் மட்டும் குறைந்து கரகரப்பு அப்படியே நின்றால், கரகரப்பு வேறெங்கோ பிறக்கிறது: கெய்ன் கூட்டிய இன்னொரு பெடலில், அல்லது அளவுக்கு மீறிக் கெய்ன் வைத்த மாடலரில். அதை எடுங்கள். பூஸ்டருக்கு முன்னால் கம்ப்ரெஸர் இருந்தாலும் இப்படித்தான்; நீங்கள் குறைத்ததை அது திரும்ப ஏற்றிவிடும்.

கரகரப்பு போகிறது, ஆனால் சுத்த ஒலி கண்ணாடிச் சில்லுபோல் குத்துகிறது என்றால் பூஸ்டருக்கு முன்னால் பஃபர் (பிக்கப்பின் மேல் பாரம் விழாமல் தடுக்கும் சர்க்யூட்) இருக்கிறது. பழைய வகை ட்ரெபிள் பூஸ்டரின் உள்ளீட்டு இம்பிடன்ஸ் (சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) மிகக் குறைவு. பிக்கப் நேராக அதைப் பார்க்கும்போது அதன் பாரத்தில் பிக்கப்பின் உச்சி மழுங்குகிறது. வால்யூமைக் குறைக்கும்போது அந்த உறவும் சேர்ந்து மாறி, ஒலி இனிமையாகத் தெளிகிறது. நடுவில் பஃபர் புகுந்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே மாட்டார்கள். அணைத்து வைத்தாலும் பஃபர் ஓடிக்கொண்டே இருக்கும் பெடல்கள் பல உண்டு. ட்யூனர்களில் இது சகஜம். வயர்லெஸ் ரிசீவரும் பஃபர்தான். தவிர்க்க முடியாவிட்டால் பஃபருக்கும் பூஸ்டருக்கும் இடையில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்துப் பாருங்கள். முழுத் தீர்வு இல்லை, ஆனால் குத்தல் தணியும். மாடலரில் உள்ளீட்டு இம்பிடன்ஸை மாற்றும் வசதி இருந்தால் மிகக் குறைந்த மதிப்பில் வைத்துக் கேளுங்கள்.

10-இலிருந்து 8-க்கு வருவதற்குள் எல்லாம் சரிந்து, அதற்குக் கீழே ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கிறதா? வால்யூம் பாட் லாக் (மடக்கை) வகையாக இருக்கும். குறைந்த இம்பிடன்ஸ் உள்ள பூஸ்டருக்கு முன்னால் லாக் பாட்டின் மாற்றம் முழுவதும் உச்சியிலேயே முடிந்துவிடும். 250 கிலோ ஓம் லீனியர் (சீராக மாறும்) பாட் போட்டால் மாற்றம் பரவலாகும். எல்லோரும் வால்யூமுக்கு லாக் பாட் போடச் சொல்வார்கள். இந்த அமைப்பு அதற்கு விதிவிலக்கு. வால்யூமைக் குறைக்கும்போது ட்ரெபிளைக் காக்கும் ட்ரெபிள் ப்ளீட் கெப்பாசிட்டரைப் பாட்டில் பற்றவைத்திருந்தால் அதையும் ஒரு காலைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். சாதாரண ஆம்புக்கு நல்லது செய்யும் அது, இங்கே வெறும் ட்ரெபிளை மட்டும் பூஸ்டருக்கு ஊட்டும்.

ஒரு பிக்கப்பை அணைத்தால் கிட்டாரே ஊமையாகிறது

ரெட் ஸ்பெஷல் பாணியில் ஸ்விட்ச் வைத்துக் கட்டியவர்களுக்கான பகுதி இது. மேயின் கிட்டாரில் பிக்கப் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்லைடு ஸ்விட்ச்: ஒன்று இயக்கவும் அணைக்கவும், மற்றொன்று ஃபேஸ் மாற்ற.

சீரிஸ் இணைப்பில் 'அணை' என்றால் வயரை வெட்டுவது அல்ல. பிக்கப்பின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்து, சிக்னல் அதைத் தாண்டிப் போகும்படி செய்வது. வயரை வெட்டும்படி ஸ்விட்ச்சைப் பற்றவைத்தால் ஒன்றை அணைத்ததும் சங்கிலி அறுந்து எல்லாம் போய்விடும். மூன்றையும் அணைத்தால் ஊமையாவது மட்டும் சரியான நடத்தை. பாடலுக்கு நடுவில் அமைதிப்படுத்த அதுவே வசதி.

பிக்கப்பை இயக்கினாலும் அணைத்தாலும் ஒலியில் மாற்றமே இல்லையா? உலோக மூடியைப் பாருங்கள். பல பிக்கப்களில் மூடி, சுருளின் கிரவுண்ட் வயரோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். மூடி கிட்டாரின் பொதுக் கிரவுண்டைத் தொட்டால், சங்கிலியின் நடுவில் உள்ள பிக்கப்பின் ஒரு முனையும் கிரவுண்டுக்குப் போய், சங்கிலியில் ஒரு பகுதி செயலிழக்கும். ஃபேஸ் மாற்றும்போது மட்டும் ஹம் கூடுவதற்கும் மூடியைத் தொட்டால் உறுமுவதற்கும் இதுவே காரணம். மூடிக்குத் தனி வயர், சுருளின் இரு முனைகளுக்கும் தனித்தனி வயர் என்று மூன்றாகப் பிரித்த பிறகுதான் சீரிஸ் வேலையைத் தொடங்க வேண்டும்.

ஃபேஸ் மாற்றிய ஒலி வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தும் வெறும் கொசு ரீங்காரமாக வருகிறதென்றால், இரண்டு பிக்கப்பும் சம பலத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒன்றை அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தாழ்த்துங்கள். சமநிலை குலைந்ததும் உடம்பு திரும்பும். இந்த ஒலிக்கு ஆம்பும் பூஸ்டரும் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். குறைந்த கெய்னில் இது எடுபடவே எடுபடாது.

இரைச்சல், உறுமல், வானொலி

ஹம் என்றால் சிங்கிள் காயிலின் (ஒற்றைச் சுருள் பிக்கப்பின்) இயல்பு. நடுப் பிக்கப் எதிர்த்திசைச் சுற்றும் எதிர்க் காந்தமுனையும் கொண்டதாக இருந்தால் பிரிட்ஜோடு சேரும்போது ஹம் பெருமளவு அழியும். சீரான உஸ்ஸென்ற இரைச்சல், தரமற்ற ட்ரான்சிஸ்டர், மாற்றுங்கள். வானொலி கேட்டால் பூஸ்டரை உலோகப் பெட்டியில் அடைத்து, ட்ரான்சிஸ்டரின் பேஸ் (base) முனைக்கும் கலெக்டர் முனைக்கும் நடுவே 47 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள்.

பூஸ்டரைப் பொது பவர் சப்ளையில் செருகியதும் எல்லாப் பெடலும் அணைந்துபோகிறதா? பி.என்.பி. ஜெர்மேனியம் பூஸ்டர்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் கிரவுண்ட். மற்ற பெடல்களில் நெகட்டிவ் கிரவுண்ட். ஒரே சப்ளையில் இரண்டையும் கோத்தால் கேபிளின் உறை வழியே சப்ளை ஷார்ட் ஆகும். தனித்துப் பிரிந்த வெளியீடு அல்லது பேட்டரி, வேறு வழியில்லை. இந்தச் சர்க்யூட் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுப்பதால் பேட்டரி நெடுநாள் வரும்.

பாடாமல் கீச்சிடுகிறது

இசைக்குறிப்பு தானே நீண்டு, மெல்ல மேல் ஸ்தாயிக்குப் பூப்பது ஒன்று. விசில்போல் காதைக் கிழிப்பது வேறு. கம்பிகளை முழுக்கக் கையால் அடக்குங்கள். அப்போதும் கீச்சு நிற்காவிட்டால் பிக்கப்பின் சுருளே மைக்ரோஃபோனாகியிருக்கிறது. ட்ரை-சானிக் வகையில் சுருளுக்கு இறுக்கமான கூடு இல்லாததால் இது எளிதில் வரும். மே தன்னுடைய பிக்கப்களுக்குள் அரால்டைட் எபாக்ஸி ஊற்றி இந்தக் கோளாறை அடக்கினார். எபாக்ஸி ஊற்றினால் பிறகு பழுதுபார்க்க முடியாது என்பதால் மெழுகே மேல்.

பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 முதல் 65 டிகிரி வரை உருக்குங்கள். நேரடி நெருப்பில் வைத்தால் மெழுகு பற்றிக்கொள்ளும். 70-ஐத் தாண்டினால் பிளாஸ்டிக் பாகங்கள் நெளியும். பிக்கப்பை அதில் மூழ்க வைத்து, காற்றுக் குமிழ் வருவது நின்றதும் எடுத்துத் துடைத்து ஆறவிடுங்கள். ட்ரெமலோ ஸ்பிரிங்குகள் அதிர்ந்தாலும் கீச்சிடும். அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் போதும்.

அடக்கினால் நிற்கிறது, ஆனால் வேண்டிய ஸ்வரம் மலரவில்லை என்றால், அது நிற்கும் இடத்தின் விஷயம். ஆம்பை நோக்கி நின்று, கிட்டாரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே ஓரடி முன்னும் பின்னும் நகருங்கள். இயங்கும் பிக்கப்கள் எல்லாவற்றின் ஃபேஸையும் ஒன்றாக மாற்றிப் பார்ப்பதும் ஒரு தந்திரம்: நேரடி ஒலியில் வேறுபாடு கேட்காது, ஆனால் ஃபீட்பேக் வேறொரு ஸ்வரத்தைப் பிடிக்கும்.

கருவி எல்லாம் சரி, இன்னும் 'அவர்' இல்லை

அப்படியானால் பிளாஸ்டிக் பிக்கைக் கீழே வையுங்கள். மே வாசிப்பது ஆறு பென்ஸ் நாணயத்தால். 1980-இல் பிரிட்டனில் புழக்கத்திலிருந்து நீங்கிய காசு அது. 19 மில்லிமீட்டர் சொச்சம் விட்டம், 3 கிராமுக்குச் சற்றுக் குறைவான எடை, 1947 முதல் செம்பு-நிக்கல் கலவை, விளிம்பு முழுக்கப் பல்வரிசை. விளிம்பில் பல் உள்ள, அந்த அளவுள்ள எந்தச் செம்பு-நிக்கல் காசும் சோதனைக்கு ஆகும். எஃகுக் காசு வேண்டாம், கம்பியைத் தின்றுவிடும்.

வளையாத காசு, விரலுக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள எல்லாவற்றையும் அப்படியே கடத்தும். அதனால் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. மடித்த ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வைத்துக் கட்டைவிரலால் மெல்ல மூடி, 3 அல்லது 4 மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீட்டுங்கள். வளைந்து கொடுக்கும் வேலை விரலுடையது. கம்பிக்கு இணையாகத் தட்டையாக வைத்தால் தொடக்கம் மென்மையாக இருக்கும். சற்றுச் சாய்த்தால் பல்வரிசை உரசி, ஒவ்வொரு இசைக்குறிப்பின் முன்னும் 'க்ர்' என்று ஒரு மெய்யெழுத்து ஒட்டிக்கொள்ளும். அந்த மெய்யெழுத்துதான் அவருடைய லீடு பேசுவதுபோல் தோன்றக் காரணம். தடித்த கம்பிகளில் உரசல் மிஞ்சினால் சாய்வைக் குறையுங்கள். ட்ரெபிளைக் குறைத்து ஈடுகட்ட வேண்டாம்.

கம்பியின் தடிமனும் முக்கியம். ரெட் ஸ்பெஷலின் ஸ்கேல் நீளம் (கம்பியின் அதிரும் நீளம்) 24 அங்குலம், கம்பிகள் 9 முதல் 42 வரை (அங்குலத்தில் ஆயிரத்தில் பங்கு). 25.5 அங்குல ஸ்ட்ராட்டில் அதே 9-ஐப் போட்டால் இழுவிசை ஏறத்தாழ 13 சதவீதம் கூடும். அதே தளர்வு வேண்டுமென்றால் 8.5 தொகுப்பு, கணக்கு அப்படியே பொருந்தும். தளர்ந்த கம்பியில் அவருடைய விப்ராட்டோ விரல்நுனியில் சின்னதாக, விரைவில்லாமல் வரும். தடித்த கம்பியில் முழங்கையைப் போட்டு இழுத்தால் வேறு யாரோ ஒருவருடைய விப்ராட்டோதான் வரும்.

மெல்லிய கம்பி ட்யூனிங்கில் நழுவும் என்ற புகார் பெரும்பாலும் நட்டின் (கழுத்தின் உச்சியில் கம்பி தங்கும் துண்டின்) பள்ளத்தால் வருவது. மே ஜீரோ ஃப்ரெட்டும், பிரிட்ஜில் உருளைகளும், கத்திமுனையில் ஆடும் ட்ரெமலோவும் வைத்து உராய்வையே ஒழித்துவிட்டார். நீங்கள் நட்டின் பள்ளத்தில் பென்சில் கிராஃபைட் தேய்த்து, கம்பி பள்ளத்திலிருந்து ட்யூனருக்குக் கூடுமானவரை நேராகப் போகிறதா என்று பாருங்கள்.

1963-இல் தந்தை ஹரால்டோடு சேர்ந்து மே கட்டத் தொடங்கிய அந்தக் கிட்டாரின் கழுத்து பழைய கணப்படுப்பின் மரம். ட்ரெமலோவின் ஸ்பிரிங்குகள் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வ் ஸ்பிரிங்குகள். கேட்கச் சுவையான செய்திகள், ஆனால் மரத்தைத் தேடி அலையாதீர்கள். சீரிஸ் வயரிங்கும் நாணயமும் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கைக்கூட மரம் கொடுக்காது.

டிலே போட்டால் ஹார்மனி குழம்புகிறது

மேடையில் தனக்குத்தானே ஹார்மனி வாசிக்க மே இரண்டு நீண்ட டிலேக்களை (ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும் கருவிகளை) வைத்து, நேரடி ஒலிக்கு ஓர் ஆம்ப், டிலே ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆம்ப் என்று பிரித்துவிடுகிறார். ஆடம்பரம் போலத் தோன்றும், இல்லை. இரண்டு ஸ்வரங்கள் ஒரே ஆம்பில் ஒன்றாகக் கரகரத்தால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்கள் பிறந்து ஹார்மனி கலங்கும். தனித்தனி ஆம்பில் கரகரத்துக் காற்றில் கலந்தால் மூன்று வயலின்போல் பிரிந்து கேட்கும்.

ஓர் ஆம்ப்தான் இருக்கிறது என்றால் டிலேயைக் கரகரப்புக்குப் பின்னால் கொண்டுபோங்கள். மாடலரில் பூஸ்டருக்குப் பிறகு பாதையை மூன்றாகப் பிரித்து, டிலே, அதன்பின் ஆம்ப் என்று வைத்து, இடம், நடு, வலம் என்று பரப்பலாம். நிமிடத்துக்கு 75 தாளமென்றால் ஒரு தாளம் 800 மில்லிசெகண்ட். முதல் டிலே 800, இரண்டாவது 1600. திரும்பொலி ஒரே ஒரு முறை, ஃபீட்பேக் சுழியம், சத்தம் நேரடி ஒலிக்குச் சமம். டிலேயின் சத்தத்தைக் குறைத்து வைத்தால் அது எதிரொலி ஆகிவிடும். இன்னொரு கிட்டார் ஆகாது.

எல்லாம் சரியாக அமைத்தும் முட்டிக்கொள்கிறதென்றால் வாசிக்கும் வரிசையில்தான் சிக்கல். தாளத்துக்கு ஒன்றாக ச, ரி, க என்று படிப்படியாக ஏறினால் ரி-யின் மேல் ச-வின் எதிரொலி விழுந்து உரசும். ச, க, ப என்று ஒன்றுவிட்டு ஒன்று தாவினால் மூன்றாவது தாளத்தில் முழுக் கார்டு நிற்கும். டிலேக்குத் தகுந்தபடி இசைத்தொடரை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். தோன்றியதை வாசித்துவிட்டு அது தானே பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

பல தடங்களாக அடுக்கும் ரெக்கார்டிங்கில் குழப்பம் வந்தால்

ஸ்டூடியோவின் கிட்டார் கோரஸ் ஒலிகள் பலவற்றுக்கு ஏசி30 அல்ல, குயீனின் பாஸ் கிட்டார் வாசிப்பாளர் ஜான் டீக்கன் குப்பைத்தொட்டியில் கிடைத்த சர்க்யூட் போர்டை வைத்துக் கட்டிய சின்னஞ்சிறு ஆம்ப்தான் பயன்பட்டது. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர் ஆம்ப். முன்னால் அதே ட்ரெபிள் பூஸ்டர். மேலோசையும் கீழோசையும் குறுகி, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து வழவழப்பாக வருவதால் பத்து தடம் அடுக்கினாலும் இடம் இருக்கும். முழு ஏசி30 ஒலியை அப்படி அடுக்கினால் நான்காவது தடத்திலேயே சுவர் எழும்பிவிடும்.

அந்த ஆம்ப் இல்லாவிட்டால் சிறிய ஸ்பீக்கருள்ள எந்த ஆம்பையும் எடுத்து, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் கழியுங்கள். ஒரு தடத்தில் ஒரு ஸ்வரக்கோடு மட்டும், கார்டு கூடாது. ஒவ்வொரு குரலுக்கும் பிக்கப் சேர்க்கையை மாற்றுங்கள்: மேல் குரலுக்கு நெக், நடுக் குரலுக்கு நெக்கும் நடுவும், கீழ்க் குரலுக்குப் பிரிட்ஜும் நடுவும் என்பது நல்ல தொடக்கம். கெய்னைத் தனியாகக் கேட்கும்போது போதாது என்று தோன்றும் அளவில் வையுங்கள். பெண்டுகளும் (கம்பியை இழுத்து ஸ்வரத்தை ஏற்றுவது) விப்ராட்டோவும் எல்லாத் தடத்திலும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிய வேண்டும். ஒரு தடத்தில் பெண்ட் கால் ஸ்வரம் தாழ்ந்து நின்றாலும் முழுக் கோரஸும் புளிக்கும். எந்தத் தடம் என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் அணைத்து, கீழ்க் குரலிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். புளிப்பு நுழையும் இடத்தில் நிறுத்தி, அந்தத் தடத்தை மட்டும் மறுபடி வாசித்துப் பதியுங்கள்.